பல்லிடுக்கில் ஒரு கரண்டி

கேள்வி: எங்கள் மகளுக்கு இருபது மாதம் ஆகிறது. மூன்று வாரங்களுக்கு முன்பு ஒருநாள் மாலை மூக்கொழுகலோடு அவளுக்கு உடம்பு சுடத் தொடங்கியது. என் மாமியார் தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவிவிட்டார். இரவு ஒன்றே முக்கால் மணி இருக்கும். குழந்தை திடீரென்று விறைத்து, கண்கள் மேலே செருக, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் அலறியதும் என் கணவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் தம்பியை அழைத்தார். அதற்குள் அக்கம்பக்கத்தினர் வந்துவிட்டார்கள். ஒருவர் குழந்தையின் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கில் பிழிந்தார். நாக்கைக் கடித்துத் துண்டாக்கிக்கொள்வாள் என்று பயந்து, அத்தை எவர்சில்வர் கரண்டியின் காம்பைப் பல்லிடுக்கில் விட்டு நெம்பினார். மேல்வரிசை முன்பல் ஒன்று உடைந்து இரத்தம் கொட்டியது. அதைக் கழுவ வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். 108-க்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தையின் உடம்பு துவண்டுவிட்டது. வண்டி வரும்வரை காத்திருக்கப் பொறுக்காமல் பைக்கில் நடுவே வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினோம். மறுநாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. எக்ஸ்ரே எடுத்து, வலது நுரையீரலின் அடிப்பகுதியில் சளி கட்டியிருப்பதாகச் சொல்லி ஆறு நாள் வைத்திருந்தார்கள். இப்போது நன்றாக விளையாடுகிறாள், ஆனால் இருமல் மட்டும் விடவில்லை. உடைந்த பல் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, வீடு முழுவதும் பெருக்கிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

கரண்டி விட்டது தவறு என்று மருத்துவமனையில் ஒருவர் கடிந்துகொண்டதிலிருந்து அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. விடாமல் இருந்திருந்தால் நாக்கு போயிருக்கும் அல்லவா என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார். வலிப்பு பத்து நிமிடமாவது இருந்திருக்கும். இது மறுபடியும் வருமா? மூளையைப் பாதிக்குமா? பெண் பிள்ளை, வெளியில் சொல்லாதே என்கிறார்கள். அடுத்த முறை நாங்கள் என்னதான் செய்ய வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. உடைந்த பல் கிடைக்கவில்லை என்கிறீர்கள். வலிப்பின்போது உடைந்த பல் ஒன்று காணாமல் போனால் அது தரையில் விழுந்திருக்கலாம், வயிற்றுக்குள் போயிருக்கலாம், அல்லது மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருக்கலாம். வயிற்றுக்குள் போயிருந்தால் கவலையில்லை, அது எப்போதோ மலத்தோடு வெளியேறியிருக்கும். ஆனால் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் வலப்பக்கக் கிளை இடப்பக்கத்தைவிட அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், உள்ளே தவறி விழும் பொருள் பெரும்பாலும் வலப்பக்கமே இறங்கும். உங்கள் மகளுக்குச் சளி கட்டியது வலது நுரையீரலின் அடிப்பகுதியில், மூன்று வாரமாகியும் இருமல் நிற்கவில்லை, பல்லைக் காணவில்லை என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் விட முடியாது.

ஊற்றிய தண்ணீரே அந்தச் சளிக்குக் காரணமாக இருந்திருக்கலாம், அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆயினும் நாளையே குழந்தையையும் பழைய எக்ஸ்ரே படத்தையும் எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் செல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாக, "அன்று ஒரு பல் உடைந்தது, அது கிடைக்கவில்லை" என்று சொல்லுங்கள். இருமல் என்று மட்டும் சொன்னால் இன்னொரு இருமல் மருந்தோடு திரும்பி வருவீர்கள். பல் எலும்பைப் போலவே எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியக்கூடியது என்பதால், அதைத் தேடிப் பார்க்கும் கண்ணுக்குப் பெரும்பாலும் தப்பாது. பழைய படத்தில் தெளிவாக இல்லையென்றால் புதிதாக ஒன்று எடுப்பார்கள். உள்ளே இருப்பது உறுதியானால் மயக்க மருந்து கொடுத்து, பிராங்கோஸ்கோப் என்ற குழாய்க் கருவியை வாய்வழியாகச் செலுத்தி எடுத்துவிடலாம். அப்படியே விட்டால் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் சளி கட்டும். நாளைக்குள் குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ, மூச்சு விடும்போது விசில் போன்ற சத்தம் கேட்டாலோ நேரம் பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.

போகிற வழியில் ஒரு பல் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். உடைந்தது பால்பல்தான், ஆறேழு வயதில் எப்படியும் விழப்போவதுதான். ஆனாலும் ஈறுக்குள் வேர் மிச்சமிருக்கிறதா, அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கு அடி பட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது.

இனி உங்கள் அத்தையின் கேள்விக்கு வருகிறேன். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, வலிப்பு வரக்கூடிய குழந்தைகளின் கட்டில் தலைமாட்டில், பஞ்சும் துணியும் சுற்றிய தட்டையான மரச்சிம்பு ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கும். வலிப்பு வந்தால் அதைப் பற்களுக்கு நடுவே செருக வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஓர் இரவுப் பணியில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வலிப்பு வந்தபோது, இறுகியிருந்த தாடையை அந்தச் சிம்பால் நெம்பினேன். கீழ்வரிசைப் பல் ஒன்று ஆடிக் கழன்று நாக்கின்மேல் கிடந்தது. பின்னாலிருந்து வந்த மூத்த செவிலியர், "டாக்டர், கையை எடுங்க, அது தானா நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே பையனை ஒருக்களித்துத் திருப்பினார். பல் உமிழ்நீரோடு வழிந்து தலையணையில் விழுந்தது. அவர் அதை ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்துப் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் அத்தை கரண்டியால் செய்ததை நான் வெள்ளைக் கோட்டு அணிந்துகொண்டு, மருத்துவமனை கொடுத்த கருவியால் செய்திருக்கிறேன். இந்தத் தவறு பாட்டிமார்கள் கண்டுபிடித்ததன்று. வெகுகாலம் மருத்துவமே கற்றுக்கொடுத்து, பிறகு சத்தமில்லாமல் கைவிட்ட தவறு இது. கைவிட்டோம் என்பதை மக்களிடம் உரக்கச் சொல்லாததில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு என்பதால், அவரை யாரும் கடிந்துகொள்வதை நான் ஏற்க மாட்டேன்.

நாக்கு துண்டாகிப் போயிருக்குமா என்றால், போயிருக்காது. வலிப்பில் நாக்கு கடிபடுவது உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் ஓரத்தில், கடைவாய்ப் பற்களுக்கு இடையில் நேர்கிறது, அதுவும் தாடை இறுகும் முதல் நொடிகளிலேயே நேர்ந்துவிடுகிறது. நீங்கள் அடுக்களைக்குப் போய்க் கரண்டி எடுத்து வருவதற்குள் கடிபட வேண்டியது கடிபட்டிருக்கும். அதன்பின் முன்பற்களுக்கு நடுவே எதை விட்டாலும் அது ஓரத்தில் இருக்கும் நாக்கைக் காப்பாற்றாது. நாக்கின் ஓரக் காயம் பெரும்பாலும் தையல்கூட இல்லாமல் சில நாட்களில் ஆறிவிடும். உடைந்த பல் ஆறாது. நாக்கை விழுங்கிவிடுவார்கள் என்ற பேச்சும் அப்படித்தான். கண்ணாடி முன் நின்று நாக்கை மேலண்ணத்தில் ஒட்ட வைத்துப் பாருங்கள், அடியில் ஒரு சவ்வும், அதைச் சுற்றி வாயின் தரையோடு பிணைந்த தசையும் தெரியும். அப்படிக் கட்டப்பட்டிருக்கும் ஒன்றை விழுங்க முடியாது. நினைவிழந்து மல்லாந்து கிடப்பவரின் நாக்கு தளர்ந்து பின்புறம் சரிந்து மூச்சை அடைக்கலாம் என்பது வேறு விஷயம். குழந்தையைப் பக்கவாட்டில் திருப்பியதும் நாக்கு தானே முன்னே விழுந்துவிடும், அதற்கும் கரண்டி தேவையில்லை. விரலை விடுபவர்களும் உண்டு. தாடைத் தசையின் பிடியில் விரல் சதை கிழிந்து, குழந்தையோடு சேர்ந்து தையல் போட்டுக்கொள்ள வந்த ஒரு தகப்பனாரைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் அன்று நடந்தவற்றில் கரண்டியைவிட எனக்கு அதிகப் பயம் தருவது அந்தத் தண்ணீர்தான். நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சுக்குழாயின் வாசல் ஒரு கணம் மூடிக்கொள்கிறது. வலிப்பின்போதும் அதற்குப் பின் வரும் ஆழ்ந்த உறக்கத்தின்போதும் இந்த ஒழுங்கு வேலை செய்வதில்லை, தொண்டைக்குள் போவது எதுவானாலும் நுரையீரலுக்கு வழி திறந்தே இருக்கிறது. தண்ணீர், பால், காய்ச்சல் மருந்து, மந்திரித்த தீர்த்தம் எல்லாவற்றுக்கும் இதுவே கதி. மூக்கில் பிழிந்த வெங்காயச்சாறும் தொண்டையின் பின்புறம் வழிந்து அதே வழியில்தான் இறங்கும். அதன் காரம் ஏற்கெனவே சிரமப்படும் மூச்சுப்பாதையை மேலும் எரிக்கும். வலிப்பு நின்றபின் குழந்தை விழித்து, உங்களை அடையாளம் கண்டு, தானாக உட்கார்ந்து கேட்கும்வரை ஒரு சொட்டுகூட வாயில் விடக் கூடாது. வாயில் இரத்தமோ எச்சிலோ இருந்தால் முகத்தைத் தாழ்த்திச் சாய்த்தால் வெளியே வழிந்துவிடும், துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடைத்தால் போதும்.

சாவிக்கொத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர் வீடுகளிலும் இது நடக்கிறது, திரைப்படக் காட்சிகளும் இதைப் பலமுறை காட்டியிருக்கின்றன. வலிப்பு தொடங்கும், வீட்டார் ஒரு நிமிடம் பதறுவார்கள். ஆணியில் மாட்டிய சாவியை யாரோ தேடி எடுத்துவர இன்னொரு நிமிடம் ஆகும், மூடிய விரல்களைப் பிரித்து உள்ளே திணிக்க அரை நிமிடம் ஆகும். பெரும்பாலான காய்ச்சல் வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே நின்றுவிடுவதால், சாவி கைக்குப் போவதும் வலிப்பு நிற்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் நேரில் பார்த்தவருக்கு அது கதையாகத் தோன்றாது. பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்பு வைத்தால் காத்துக் கருப்பு அண்டாது என்று நம்பிய வீட்டில், வலிப்பை ஏதோ பிடித்து உலுக்குவதாக எண்ணியவர்கள் இரும்பைத் தேடியதில் வியப்பில்லை. இறுகும் கைக்குள் கூரான சாவி உள்ளங்கையைக் கிழிப்பது ஒருபுறமிருக்க, மூடிய விரல்களைப் பிரிக்கப் போராடும் நேரத்தில் குழந்தை மல்லாந்தே கிடக்கிறது என்பதுதான் அதில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம்.

இரும்பு என்றதும் ஒரு கிளைச்செய்தி. இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்த குழந்தைகளிடம் காய்ச்சல் வலிப்பு கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே உங்கள் மகளின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் கொடுப்பது அரசின் திட்டத்திலேயே இருக்கிறது, உங்கள் பகுதிச் செவிலியரிடம் கேட்டால் கிடைக்கும்.

சூடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். அன்று நெஞ்சில் தடவிய அளவுதான் வலிப்பை வரவழைத்தது என்று சொல்ல மாட்டேன், காய்ச்சலே போதுமான காரணம். ஆனால் சூடம் வயிற்றுக்குள் போனால் சிறு குழந்தைகளுக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பை உண்டாக்கக்கூடிய பொருள், அதற்குச் சிறிய துண்டே போதும். தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் அது ஓரளவு உடலுக்குள் சேரும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு, அதுவும் ஒருமுறை வலிப்பு வந்த குழந்தைக்கு, சூடம் காய்ச்சிய எண்ணெயும் சூடமும் யூகலிப்டஸ் எண்ணெயும் கலந்த தைலங்களும் வேண்டவே வேண்டாம். பூஜை அலமாரியில் இருக்கும் சூட டப்பாவையும் எட்டாத உயரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வலிப்பு பத்து நிமிடம் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெற்ற மனதுக்கு இரண்டு நிமிடமே அரைமணியாகத் தோன்றும் என்பதால், மருத்துவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் கணவரின் கைப்பேசியில் அன்றைய அழைப்புப் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் அலறியதும் தம்பியை அழைத்திருக்கிறார், 108-க்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தை துவண்டிருக்கிறாள். முதல் அழைப்பு தொடங்கிய நேரத்துக்கும் இரண்டாவது அழைப்பு முடிந்த நேரத்துக்கும் இடையில் எத்தனை நிமிடம் என்று அதிலேயே இருக்கும். ஐந்தைத் தாண்டியிருக்காது என்பது என் ஊகம். அந்த எண்ணை எழுதி மருத்துவரிடம் கொடுங்கள், ஏனென்றால் பின்வரும் எல்லாப் பதில்களும் அதைச் சார்ந்தவை.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. உடல் முழுவதும் ஒன்றுபோல இழுத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் நின்று, ஒரு நாளில் ஒரே முறை வந்தால் அதை எளிய காய்ச்சல் வலிப்பு என்கிறோம். அது மூளையைக் கெடுப்பதில்லை. அமெரிக்காவில் காய்ச்சல் வலிப்பு வந்த சுமார் 1,700 குழந்தைகளை ஏழு வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். 1970-களில் வெளியான அதன் முடிவுகளில், கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதும் அறிவுத்திறனில் குறை எதுவும் தெரியவில்லை. மறுபடியும் வருமா என்றால், மூன்று குழந்தைகளில் ஒருவருக்கு இன்னொரு காய்ச்சலில் வருகிறது, ஐந்தாறு வயதில் இந்த இயல்பு தானே விலகிவிடும். காய்ச்சலில்லாமலும் திரும்பத் திரும்ப வரும் வலிப்பு நோயாகப் பின்னாளில் மாறுவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான், வலிப்பே வராத குழந்தைகளுக்கு உள்ள வாய்ப்பைவிட அது சற்றே அதிகம், அவ்வளவுதான். நீண்ட நேரம் நீடித்திருந்தாலோ ஒரு பக்கம் மட்டும் இழுத்திருந்தாலோ இந்தக் கணக்கு மாறும் என்பதற்காகத்தான் அழைப்புப் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன்.

வெளியில் சொல்லாதே என்ற அறிவுரையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். வலிப்பு நோய் இருப்பது திருமணத்துக்குத் தடை என்றிருந்த சொல்லையே 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-இல் நீக்கிவிட்டார்கள். உங்கள் மகளுக்கோ அந்த நோயே இல்லை. நீங்கள் மறைத்தால் நாளை அங்கன்வாடியிலோ உறவினர் வீட்டிலோ காய்ச்சலில் வலிப்பு வரும்போது, ஒன்றும் அறியாத யாரோ ஒருவர் இன்னொரு கரண்டியைத் தேடுவார். அங்கன்வாடிப் பணியாளரிடம் நீங்களே போய்ச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்பதையும் காட்டிவிட்டு வாருங்கள்.

காய்ச்சல் மருந்தை நேரம் தவறாமல் கொடுத்திருந்தால் வலிப்பைத் தடுத்திருக்கலாமே என்ற குற்ற உணர்ச்சி பல தாய்மார்களுக்கு இருக்கிறது. பாராசிட்டமால் குழந்தையின் அசதியையும் உடல்வலியையும் குறைக்கும், அதற்காகக் கொடுக்கலாம், ஆனால் வலிப்பை அது தடுப்பதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. ஈரத்துணியால் துடைப்பதும் அப்படியே. பல குழந்தைகளுக்கு உடம்பு சுடுவதை வீட்டார் கவனிப்பதற்கு முன்பே வலிப்பு வந்துவிடுகிறது. பயத்தில் மருந்தைக் கூட்டிக் கொடுப்பதுதான் ஆபத்து. கடையில் சொட்டுமருந்தாக விற்பதில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கிறது, சிரப்பிலோ ஐந்து மில்லிக்கு 120, 125 அல்லது 250 மில்லிகிராம். சிரப் என்று நினைத்துச் சொட்டுமருந்தை ஐந்து மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போகும், பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒருவேளைக்கு அதிகபட்சம் 150 போதும். வீட்டில் இரண்டு வகைப் புட்டிகளையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

அடுத்த முறை என்ன செய்வது என்று கேட்டீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெற்றோரிடம் "ஒன்றும் செய்யாதீர்கள்" என்று சொல்லிப் பார்த்துத் தோற்றவன் நான். கண்ணெதிரே குழந்தை வெட்டி இழுக்கும்போது யாராலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. கைகளுக்கு வேலை இல்லாவிட்டால் அவை கரண்டியைத்தான் தேடும். ஆகவே உங்கள் வீட்டில் ஆளுக்கொரு வேலையை இப்போதே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் குழந்தையைத் தரையிலோ பாயிலோ ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மடித்த துண்டை வைத்து, கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்திவிட்டு, அருகில் உட்கார்ந்து இடுப்பில் கை வைத்துக்கொள்ளுங்கள். உருளாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அந்தக் கையின் வேலை. இழுக்கும் கைகால்களை அழுத்திப் பிடித்தால் வலிப்பு நிற்காது, எலும்பு முறியவும் மூட்டு நழுவவும்தான் செய்யும். உதடு நீலமாவது தசைகள் இறுகி மூச்சு சிறிது நேரம் தடைபடுவதால் வருவது. வலிப்பு தளர்ந்ததும் மூச்சும் நிறமும் திரும்பும், நடுவில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை.

கடிகாரம் உங்கள் அத்தையின் பொறுப்பு. வலிப்பு தொடங்கியதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொல்லி, ஒவ்வொரு நிமிடத்தையும் அவரே அறிவிக்கட்டும். இதை அவருக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வலிப்பு முதலுதவியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் வேலை அதுதான், பதறாமல் செய்ய வயதில் மூத்தவர்தான் பொருத்தம். உங்கள் கணவர் 108-ஐ அழைத்துவிட்டு, அரை நிமிடம் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச வேண்டாம், அந்த அரை நிமிடப் படம் மருத்துவருக்கு எத்தனை விவரிப்பைவிடவும் உதவும். தம்பி தெருமுனையில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டட்டும், கூட்டத்தையும் அவரே வாசலில் நிறுத்திக்கொள்ளட்டும்.

ஐந்தாவது நிமிடம் தாண்டினால் வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது, அப்போதுதான் மருந்து வேண்டும். மூக்கில் அடிக்கும் மிடாசோலம் தெளிப்பு மருந்து ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தை மூச்சிழுத்து உதவ வேண்டியதில்லை, மூக்கின் உட்சவ்வே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துளையிலும் எத்தனை முறை அடிப்பது என்பது எடையைப் பொறுத்தது. கூடினால் மூச்சு மந்தப்படக்கூடும் என்பதால், எண்ணிக்கையை மருத்துவர் எழுதித்தர, நீங்கள் அதைப் புட்டியின் மேலேயே ஒட்டி, காலாவதித் தேதியையும் பெரிதாக எழுதிவையுங்கள். குழந்தையின் எடை கூடும்போது அந்த எண்ணும் மாறும்.

பைக் பயணத்தைப் பற்றி ஒரு சொல். இருவருக்கு நடுவே நெஞ்சோடு அணைத்து நிமிர்த்தி வைத்த துவண்ட குழந்தையின் தலை முன்னே தொங்கி, கழுத்து மடங்கி மூச்சுப்பாதை நசுங்குகிறது. ஓட்டும் அவசரத்தில் அதை யாரும் பார்ப்பதுமில்லை. வலிப்பு நின்றுவிட்டால் ஓட வேண்டிய அவசியம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஒருக்களித்த நிலையிலேயே ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கலாம், அல்லது ஆட்டோவில் மடிமீது பக்கவாட்டில் கிடத்திக்கொண்டு போகலாம். முதல் முறை வந்த வலிப்பானால் நின்றபிறகும் அன்றே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, அதே நாளில் திரும்ப வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, கழுத்து விறைத்திருந்தாலோ, தோலில் அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள் தெரிந்தாலோ, ஒரு மணி நேரமாகியும் தெளியாவிட்டாலோ தாமதமே கூடாது, அது மூளைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு வரும் வலிப்பைக் காய்ச்சல் வலிப்பு என்று வீட்டிலேயே முடிவுகட்டவும் கூடாது.

எக்ஸ்ரே வேலை முடிந்து வந்தபின், ஒருநாள் மாலை மகள் நல்ல குஷியில் இருக்கும்போது பாயை விரித்து நீங்கள் மூவரும் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். அவளை மல்லாத்திப் படுக்க வைத்து, உங்களுக்கு எதிர்ப்புறமுள்ள தோளையும் இடுப்பையும் பிடித்து உங்கள் பக்கமாகத் திருப்பி, மேலே வரும் காலை மடித்து முன்னே ஊன்றி வையுங்கள். அத்தை கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லட்டும். குழந்தை இதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்துத் திமிறுவாள், இரண்டாவது முறை தானே வந்து பாயில் படுத்துக்கொண்டு, "பாட்டி, மணி சொல்லு" என்பாள்.